பதினாலு நாள் பாக்கி

மேஸ்திரிக்குக் கப்பலில் இரண்டு வேலைகள். ஒன்றுக்குச் சம்பளம் உண்டு. இன்னொன்றுக்கு மரியாதை மட்டும்.

சம்பள வேலை, மேல்தளத்தில் எட்டுப் பேரை மேய்ப்பது. துரு சுரண்டுவது, பெயின்ட் அடிப்பது, துறைமுகம் வந்தால் கப்பலைக் கயிறு போட்டுக் கட்டுவது. மரியாதை வேலை, தினமும் காலை ஏழரை மணிக்குச் சாப்பாட்டறைச் சுவரில் இருக்கும் வெள்ளைப் பலகையில் ஓர் எண்ணை அழித்துவிட்டு, அதைவிட ஒன்று கூடுதலான எண்ணை எழுதுவது.

பலகையின் மேல்பாதியில் ‘இக்கப்பல் விபத்தின்றிக் கடந்த நாட்கள்’ என்று கம்பெனியே அச்சடித்துக் கொடுத்திருந்தது. கீழ்ப்பாதி மேஸ்திரிக்குச் சொந்தம். அவர் இடதுகைக்காரர். பள்ளிக்கூடத்தில் மூன்று வாத்தியார்கள் முறைவைத்து அடித்தும் மாறாத கை. அந்தக் கையால் அவர் எழுதும் எண்கள் கல்யாணப் பத்திரிகையில் அச்சடித்ததுபோல் இருக்கும். நாலு எழுதும்போது மட்டும் பேனாவைத் தூக்காமல் அடியில் ஒரு வாலைச் சுழற்றி விடுவார், கயிற்றின் நுனியைத் தளத்தில் சுருட்டி வைப்பதுபோல. எழுதி முடித்ததும் இரண்டாம் அதிகாரி போனில் படம் பிடித்துக் கரையில் இருக்கும் அலுவலகத்துக்கு அனுப்புவார். அலுவலகத்தில் யாரும் அதைத் திறந்து பார்த்ததாகத் தகவல் இல்லை. ஆனால் ஒருநாள் அனுப்பாவிட்டால் மத்தியானத்துக்குள் கேள்வி வந்துவிடும்.

விடுப்பில் வீட்டுக்குப் போகும் மாதங்களில் பலகையைச் சமையல்காரரிடம் ஒப்படைத்துவிட்டுப் போவார். சமையல்காரரைக் கப்பலில் எல்லோரும் ‘உப்பு’ என்று கூப்பிட்டார்கள். அவர் பெரும்பாலும் மறந்துவிடுகிற பொருள் அது. வீட்டிலிருந்து மேஸ்திரி வாரம் ஒருமுறை போன் போடுவார்.

“இன்னிக்கு எவ்வளவு?”

“போன வாரம் சொன்னதோட ஏழு கூட்டிக்குங்க மேஸ்திரி.”

கூட்டத் தெரியாதவரல்ல. இருந்தாலும் கேட்பார். சில பேர் பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்குப் போன் செய்வதைப் போல.

எது விபத்து என்பதில் அந்தக் கப்பலுக்கு ஒரு தெளிவு இருந்தது. மருந்துப் பெட்டியோடு முடிந்துவிட்டால் அது விபத்தில்லை. எஞ்சினுக்கு எண்ணெய் போடுகிறவர் ஏணியிலிருந்து விழுந்து ஒரு வாரம் நொண்டியபோது அது ‘கால் பிசகு’. உப்புவின் முழங்கையில் கொதிநீர் கொட்டித் தோல் உரிந்தபோது அது ‘சூடு பட்டது’. இப்படிப் பெயர் வைப்பது கேப்டன் என்று யாராவது நினைத்தால் தப்பு. மேஸ்திரிதான். அடிபட்டவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, தோளில் கைபோட்டு, “பாரு, உனக்கு ஒண்ணுமில்ல. ரெண்டு நாள் படுத்து எந்திரிச்சா சரியாயிடும். இதுக்குப் போய் பூஜ்யம் போடணுமா?” என்பார். அடிபட்டவன் பலகையைப் பார்ப்பான். பிறகு தலையை ஆட்டுவான்.

கேப்டன் நல்ல மனிதர். யாரையும் பொய் சொல்லச் சொன்னதில்லை. அது தானாக வரும்வரை பக்கத்தில் நின்று காத்திருப்பார், அவ்வளவுதான்.

ஆயிரத்து ஐந்நூறு நாள் முடிந்தால் ஆளுக்கு ஒரு ஜாக்கெட் என்று கம்பெனி அறிவித்திருந்தது. கரும்பச்சை நிறம், நெஞ்சில் மஞ்சள் நூலால் 1500 என்று தையல். அறிவித்ததோடு நிற்காமல் இரண்டு துறைமுகத்துக்கு முன்பே இருபத்திரண்டு ஜாக்கெட்டுகளைப் பெட்டி கட்டிக் கப்பலுக்கு அனுப்பியும் விட்டது. கயிற்றைச் சுற்றி இழுக்கும் விஞ்சு இயந்திரத்துக்குப் பிரேக் தேய்ந்துவிட்டது, புதுசு அனுப்புங்கள் என்று மூன்று மாதமாக மேஸ்திரி எழுதிக்கொடுத்த சீட்டுக்குத்தான் பதில் வரவில்லை. ஜாக்கெட்டுகள் பண்டக அறையில், பெயின்ட் டப்பாக்களுக்கு மேல் காத்திருந்தன. இனி அந்த எண் வந்துதான் ஆகவேண்டும்.

1486 என்று எழுதிய காலைக்குப் பிறகு, மத்தியானம் மூன்று மணிக்குக் கப்பல் ஒரு துறைமுகத்தில் கட்ட வந்தது. காற்று கரையிலிருந்து தள்ளிக்கொண்டிருந்தது. விஞ்சின் உருளையில் கயிறு சுற்றிக்கொண்டிருந்தபோது பிரேக் வழுக்கியது. அரை நொடிதான். கயிறு பின்னோக்கி ஓடி, அதை ஒதுக்கிக்கொண்டிருந்த மேஸ்திரியின் இடது கையை உருளையோடு சேர்த்துப் பிடித்தது. யாரோ விஞ்சை நிறுத்தினார்கள். கையுறையைக் கழற்றியபோது சுண்டுவிரலும் மோதிரவிரலும் அவருடையவை மாதிரி தெரியவில்லை.

சாப்பாட்டறையில் உட்காரவைத்தார்கள். இரண்டாம் அதிகாரி மருந்துப் பெட்டியைத் திறந்து, புத்தகத்தில் பக்கம் தேடிக் கட்டுப் போட்டார். கேப்டன் வந்தார். கையைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். உப்பு ஒரு துணியால் மேசையில் இருந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அது முன்பே சுத்தமாகிவிட்டிருந்தது.

யாராவது பக்கத்தில் உட்கார்ந்து தோளில் கைபோட்டுச் சொல்ல வேண்டிய இடம் அது. சொல்லக்கூடியவருக்குத்தான் அடிபட்டிருந்தது. ஆகவே அவரே சொல்லிக்கொண்டார்.

“ஒண்ணுமில்ல சார். ரெண்டு நாள்ல சரியாயிடும்.”

“டாக்டர்கிட்ட காட்டலாமே?” என்றார் கேப்டன், கதவருகில் போய் நின்றுகொண்டு.

“வேணாம் சார்.”

கேப்டன் போய்விட்டார். மறுநாள் காலை ஏழரைக்கு மேஸ்திரி கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து, வலது முழங்கையால் 1486ஐ அழித்தார். வலது கையால் 1487 எழுதினார். நாலுக்கு வால் வரவில்லை. ஏழு, விழப்போகிற சைக்கிள்போல ஒருபக்கமாகச் சாய்ந்து நின்றது. இரண்டாம் அதிகாரி படம் பிடித்தார். ரொட்டியை மென்றுகொண்டிருந்த யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அப்படி ஒன்பது காலைகள். ஒன்பதாவது காலையில், காய்ச்சலில் பற்கள் அடித்துக்கொள்ள 1495 எழுதிவிட்டுப் பேனாவை மூடாமலேயே கீழே உட்கார்ந்தார். அடுத்த துறைமுகத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இரண்டு விரல்களையும் எடுத்தார்கள். நடுவிரல் தப்பியது. ஆனால் மடங்கவில்லை. அது அவர் யாரையோ எந்நேரமும் குற்றம் சொல்வதைப்போல நீட்டிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு அனுப்பினார்கள். கையோடு ஒரு தாளும் வந்தது. ‘நோய்: விரல்களில் சீழ். காரணம்: தெரியவில்லை.’

*

வீடு இரண்டாம் மாடியில், இரண்டு அறை. மனைவி தெருமுனைச் சலவைக்கடையில் துணிகளுக்குச் சீட்டு எழுதுகிறவர். எந்தச் சட்டை எந்த வீட்டுக்கு என்பதைப் பேனா மை மங்கிய சீட்டிலும் கண்டுபிடித்துவிடுவார். கணவரை அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பழைய சீட்டுக் கட்டுகளைக் கொண்டுவந்து மேசையில் போட்டு, “பின்பக்கம் காலியாத்தான் இருக்கு. சோத்துக்கையால எழுதிப் பழகுங்க” என்றார்.

மேஸ்திரி பழகினார். ஒன்று, இரண்டு, மூன்று. எழுதிய சீட்டுகளை மனைவி ரப்பர் வளையம் போட்டுத் தகர டப்பாவில் வைத்தார். சலவைக்கடையில் வேலை செய்கிறவர்களுக்குச் சீட்டைத் தூக்கிப்போடும் பழக்கம் கிடையாது.

மனைவியின் அண்ணன் பஸ் கண்டக்டர். வந்தவர் நாற்காலியைத் திருப்பிப்போட்டு உட்கார்ந்து, கையை எடுத்துப் புரட்டிப் பார்த்தார்.

“என்ன மாப்ள, ரெண்டு டிக்கெட்ட எறக்கி விட்டுட்டீங்க?”

“அண்ணா!” என்றார் மனைவி.

“சும்மா இரு. சிரிக்கலன்னா அழணும். மாப்ள, இந்த நடுவுல இருக்கறவரு மடங்குவாரா?”

“இன்னொரு ஆபரேஷன் பண்ணா மடங்கும்கறாரு டாக்டர். ஆறு மாசத்துக்குள்ள பண்ணணுமாம். அப்புறம் நரம்பு இறுகிடும்.”

“மடங்கலன்னா?”

“கயிறு பிடிக்க முடியாது. தகுதிச் சான்று கெடைக்காது மச்சான். கப்பலேற முடியாது.”

“கம்பெனி பாக்கட்டும்.”

“வியாதின்னு எழுதியிருக்காங்க.”

“எது, சீழ் தானா வந்து கையில ஏறிச்சா? அதுக்கு எந்த ஸ்டாப்பாம்?”

மறுநாள் மச்சான் ஷிப்ட் மாற்றிக்கொண்டு அவரை மாலுமிகள் சங்கத்துக்கு இழுத்துப்போனார். அங்கே ஒரு பெண்மணி, மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதைத் தேடிக்கொண்டிருந்தார். மேஸ்திரியின் ஒப்பந்தத்தை வாங்கிப் படித்துவிட்டு நிதானமாகச் சொன்னார்.

“உடம்பு சரியில்லாம போயிருந்தா நாலு மாசம்தான் வைத்தியம். அதோட கம்பெனி கையக் கழுவிடும். வேலைல அடிபட்டிருந்தா, குணமாகற வரைக்கும் அவங்க பொறுப்பு. ஆபரேஷன், பயிற்சி, எல்லாம். குணமாகலன்னா நஷ்டஈடு. இது யாரும் போடற பிச்சையில்ல, நீங்க கையெழுத்துப் போட்ட தாள்லயே இருக்கு. நீங்க சொல்லுங்க, எப்படிப் பட்டுச்சு?”

மேஸ்திரி சுவரைப் பார்த்தார். அங்கே பலகை எதுவும் இல்லை, ஒரு காலண்டர்தான்.

“விஞ்சுல” என்றார்.

“யார்கிட்ட சொன்னீங்க?”

“எல்லாருக்கும் தெரியும்.”

“தெரியறது வேற. எழுதினது?”

“எழுதினது நான்தாங்க” என்றார் மேஸ்திரி. அதற்குமேல் அன்றைக்கு அவரிடமிருந்து ஒன்றும் பெயரவில்லை.

சங்கத்தம்மா கம்பெனிக்குக் கடிதம் போட்டார். அதற்குப் பதில் வருவதற்கு முன் கூரியரில் ஒரு பொட்டலம் வந்தது. கரும்பச்சை ஜாக்கெட். நெஞ்சில் 1500. ‘தங்கள் பங்களிப்புக்கு நன்றி.’ மனைவி அதை ஆணியில் மாட்டினார். தூறல் போட்ட ஒரு காலையில் மச்சான் அதை எடுத்துப் போட்டுக்கொண்டு டூட்டிக்குப் போய்விட்டார். பயணிகள் அது புது பஸ் ரூட் நம்பர் என்று நினைத்ததாகத் திரும்பி வந்து சொன்னார்.

கம்பெனியின் பதில் பணிவாக இருந்தது. அந்தத் தேதிகளில் கப்பலில் விபத்து எதுவும் நடக்கவில்லை. ஆதாரமாக ஒரு மாதத்துப் பலகைப் படங்கள் முப்பதும் இணைக்கப்பட்டுள்ளன. ‘பலகையை எழுதியவர் விண்ணப்பதாரரே என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறோம்.’

மேஸ்திரி படித்துவிட்டு மடித்துவைத்தார். “அவங்க சொல்றது சரிதான்” என்றார். ஆறு மாதத்தில் நாலு மாதம் போயிருந்தது.

மனைவி படங்களை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வரிசையாகப் பரப்பினார், துணி பிரிக்கிறவர் கைவேகத்தில். பார்த்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார். மூன்று அடுக்காகப் பிரித்தார்.

“இது நீங்க. இது வேற யாரோ, கரண்டியால எழுதின மாதிரி இருக்கு.”

“உப்பு. நான் எறங்கினதுக்கப்புறம்.”

“சரி. நடுவுல இந்த ஒம்போது?”

மனைவி எழுந்துபோய்த் தகர டப்பாவைக் கொண்டுவந்தார். ரப்பர் வளையத்தைக் கழற்றி, அடிச்சீட்டை, வீட்டுக்கு வந்த வாரம் எழுதியதை, 1487 படத்தின் பக்கத்தில் வைத்தார். அதே சாய்ந்த ஏழு எங்கெங்கும். வாலில்லாத அதே நாலு.

“1486 எழுதினப்ப இடது கை இருந்துச்சு. 1487 எழுதினப்ப இல்ல” என்றார். “நடுவுல ஒரே ஒரு நாள். இத அவங்களே கவர்ல போட்டு அனுப்பியிருக்காங்க. ஏங்க, நீங்க ஏன் வாயத் தொறக்க மாட்டேங்கறீங்க?”

“தொறந்தா, பலகைல நான் பொய் எழுதினேன்னு ஆகும்.”

“எழுதினீங்கதானே?”

“எழுதினேன்.” படங்களை ஒருமுறை பார்த்துவிட்டு, “எண்ணெய் போடறவனுக்கும் நான்தான் சொன்னேன். உப்புக்கும்” என்றார்.

மனைவி படங்களை அடுக்கினார். “அப்ப ரெண்டு பேருக்கும் சேத்துச் சொல்லுங்க.”

அன்று சாயங்காலம் மேஸ்திரி கப்பலுக்குப் போன் போட்டார். நாலு மாதத்தில் முதல்தடவை. எண் எவ்வளவு என்று கேட்கவில்லை. விஷயத்தைச் சொன்னார். எதிர்முனையில் பாத்திரம் உருளும் சத்தம்.

“மேஸ்திரி, சொல்லிடுங்க” என்றார் உப்பு. “ஜாக்கெட்டு போயிடும்னு பாக்காதீங்க. எனக்கு எப்படியும் அக்குள்ல புடிக்குது. என் முழங்கையும் இன்னும் முழுசா நீளல, தெரியுமா?”

“எனக்குச் சொல்லவேயில்லையே.”

“சூடு பட்டதுன்னுதானே பேரு வச்சீங்க. அத எப்படிச் சொல்றது?”

*

விசாரணை ஒரு சின்ன அறையில். மேசைக்கு அந்தப்பக்கம் அரசாங்க அதிகாரி. ஜன்னலோரம் கம்பெனியின் ஆள், மடியில் கோப்பும் குடையும். கோபப்படத் தெரியாத முகம். இந்தப்பக்கம் சங்கத்தம்மா, மேஸ்திரி, மனைவி. மச்சானை வெளியே உட்காரச் சொன்னார்கள். கதவு மூடவில்லை என்பதால் அவர் உள்ளேதான் இருந்தார் என்றும் சொல்லலாம்.

“விபத்து நடந்திருந்தா அவரே பூஜ்யம் எழுதியிருப்பாருங்க” என்றார் கம்பெனி ஆள். “நாலு வருஷமா எழுதினவரு. அவர் நேர்மைய நாங்க சந்தேகப்படல.”

சங்கத்தம்மா படங்களை வரிசையாக வைத்தார். அதிகாரி குனிந்து பார்த்தார்.

“மூணு பேரு எழுதியிருக்காங்களா?”

“ஆள் ரெண்டு சார்” என்றார் மேஸ்திரி. “கை மூணு.”

அதிகாரி ஒரு தாளை நகர்த்தினார். “வலது கையால 1487 எழுதுங்க.”

மேஸ்திரி எழுதினார். கம்பெனி ஆள் எட்டிப் பார்த்து, உண்மையான வருத்தத்தோடு, “பொருந்தலையே” என்றார்.

பொருந்தவில்லைதான். நாலு மாதப் பயிற்சியில் வலது கை நன்றாகத் தேறியிருந்தது. ஏழு நிமிர்ந்து நின்றது. நாலுக்கு ஒரு சின்ன வால்கூட முளைத்திருந்தது. மேஸ்திரி வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் கையெழுத்து நன்றாக இருந்ததற்காகத் தலைகுனிந்தார்.

மனைவி பையைத் திறந்து தகர டப்பாவை மேசையில் வைத்தார்.

“தேதி வாரியா இருக்கு சார். முன்பக்கம் துணிக்கணக்கு, அதுல கடை முத்திரையும் தேதியும் இருக்கும். பின்பக்கம் இவர் எழுதினது. அடியிலேருந்து பாருங்க.”

அதிகாரி அடியிலிருந்து பார்த்தார். இரண்டு போர்வை, ஒரு கோட்டு, நான்கு கால்சட்டை. திருப்பினார். சாய்ந்த ஏழு. அடுத்தது, கொஞ்சம் நிமிர்ந்த ஏழு. ஏழு ஏழாக நிமிர்ந்து வந்து கடைசியில் இன்றைய தாளில் முடிந்தது.

“1486க்கும் 1487க்கும் நடுவுல கப்பல் என்ன பண்ணிட்டிருந்துச்சு?” என்று கேட்டார் அதிகாரி.

கம்பெனி ஆள் கோப்பைப் புரட்டினார். பொய் படிக்கத் தெரியாதவர் போலிருக்கிறது, இருந்ததைப் படித்தார். “பிற்பகல் மூணு மணி, கப்பல் கட்டும் வேலை. பின்தள விஞ்ச்.” அடுத்த தாளையும் அதே குரலில் படித்தார். “விஞ்ச் பிரேக் கேட்டு மேஸ்திரி கொடுத்த சீட்டு. மூணு தடவை. நிலுவைல.” கோப்பை மூடி, குடையை அதன்மேல் வைத்தார்.

அதிகாரி மேஸ்திரியைப் பார்த்தார். “உங்களுக்கு அடிபட்டுச்சு. பூஜ்யம் எழுதற பேனா உங்க கையில இருந்துச்சு. ஏன் எழுதல? யாராவது மிரட்டினாங்களா?”

“இல்ல சார். யாரும் ஒரு வார்த்த சொல்லல.”

“பின்ன?”

மேஸ்திரி நீட்டிக்கொண்டிருந்த நடுவிரலை மற்றக் கையால் மூடிக்கொண்டார்.

“பதினாலு நாள்தான் சார் பாக்கி இருந்துச்சு” என்றார். “எனக்கு முன்னாடியும் ரெண்டு பேருக்கு அடிபட்டுச்சு. அவங்களதையும் நான்தான் எழுத விடல. அதையும் எழுதிக்குங்க.”

அதிகாரி எழுதிக்கொண்டார். வெளியே மச்சான் யாருக்கோ கேட்கும்படி மூக்கைச் சிந்தினார்.

*

வேலையின்போது பட்ட காயம் என்று தீர்ப்பு வந்தது. ஐந்தரை மாதத்தில் ஆபரேஷன் நடந்தது. பலகையைத் திருத்தவேண்டும், எண்ணிக்கை மேஸ்திரிக்கு அடிபட்ட நாளிலிருந்து தொடங்கவேண்டும் என்றும் தீர்ப்பில் ஒரு வரி இருந்தது. விஞ்சுக்குப் புது பிரேக் போனது. உப்புவின் முழங்கையையும் எண்ணெய் போடுகிறவரின் காலையும் பார்க்க அடுத்த துறைமுகத்தில் டாக்டர் கப்பலேறினார். ஜாக்கெட்டுகளைத் திருப்பி அனுப்பச் சொல்லிக் கம்பெனி ஒரு கடிதம் போட்டது. மேஸ்திரி தன்னுடையதை உடனே மடித்துப் பொட்டலம் கட்டினார். அதன் பையில் மச்சான் விட்டுப்போன பஸ் டிக்கெட் கட்டு ஒன்றும் சேர்ந்து போய்விட்டது. அதைப்பற்றிக் கம்பெனி இன்றுவரை ஒன்றும் கேட்கவில்லை.

கட்டுப் பிரித்து மூன்று நாள் கழித்து நடுவிரல் பாதி மடங்கியது. தகுதிச் சான்றுக்கு இன்னும் இரண்டு மாதம் கழித்து வரச் சொன்னார் டாக்டர். கிடைக்கலாம் என்றார். கிடைக்கும் என்று சொல்லவில்லை.

அன்று காலை மேஸ்திரி போன் போட்டார்.

“இன்னிக்கு எவ்வளவு?”

“இருநூத்தி நாலு” என்றார் உப்பு. “கேப்டன் முன்ன மாதிரி பலகையப் பாக்கறதேயில்ல. பசங்க பாக்கறானுங்க. நேத்து ஒருத்தனுக்குக் கண்ணுல தூசு விழுந்துச்சுன்னு நேரா ரெண்டாம் அதிகாரிகிட்ட ஓடறான். எழுதிக்குங்க, எழுதிக்குங்கன்னு ஒரே ரகளை.”

“பூஜ்யம் போட்டீங்களா?”

“தூசு மேஸ்திரி அது, தூசு. கழுவினோம், போயிடுச்சு. ஆனா எழுதி வச்சிருக்கு.”

போனை வைத்துவிட்டு மேசைக்கு வந்தார். மனைவி ஒரு சீட்டைத் திருப்பி வைத்திருந்தார். மேஸ்திரி பேனாவை இடது கையில் எடுத்தார். மூன்று விரல்களும் அதைப் பிடிக்க ஒன்றையொன்று கலந்தாலோசித்தன. இரண்டு. பூஜ்யம். நாலு. கோடுகள் நடுங்கின. அடியில் வாலைச் சுழற்றப் பார்த்தார். பேனா பாதி வழியில் நின்றுவிட்டது.

“பரவால்ல” என்றார் மனைவி. “இருநூத்தி அஞ்சு எழுதிப் பாருங்க. அஞ்சுக்கு வால் வேணாம்.”

மேஸ்திரி பேனாவை மூடிவைத்தார்.

“அது நாளைக்கு” என்றார்.